தோண்டிய நிலம் மீண்டும் விளைய மேல் மண்ணைக் காப்பீர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் பணியை 1957-ஆம் ஆண்டு மே 20 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961-ஆம் ஆண்டில்தான். இடையில் சென்ற காலமெல்லாம் நிலக்கரியின்மேல் கிடந்த மண்ணை அகற்றுவதிலேயே கழிந்தது. அங்கே நிலக்கரிப் படிவத்தின்மேல் சுமார் 50 மீட்டரும் அதற்கு மேலுமான கனத்தில் செம்மண், மணல், களி, மணற்பாறை ஆகியவை அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இவற்றை ராட்சத வாளிச் சக்கர எந்திரங்கள் வெட்டி எடுக்கின்றன. ஓடும் பட்டைகள் கொண்டு சென்று வேறிடத்தில் கொட்டுகின்றன.

திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் இப்படித் தலைகீழாகப் புரளும்போது, மேலே இருந்த விளையும் மண் அடியிலும், அடியில் வெயிலே படாமல் கிடந்த மண் மேலேயும் போய்ச் சேர்வது எளிது. அத்தகைய குவியலில் மண் ஏராளமாக இருக்கும், விளைச்சல் இராது. விதைத்தால் முளை வரும். பத்து நாளில் மஞ்சளாகி நின்றுவிடும்.

இது பெரிய சுரங்கத்தின் பிரச்சினை மட்டும் அன்று. செங்கல் சூளைக்கு மண் கொடுத்த நிலம், சாலை போடக் கிராவல் எடுத்த நிலம், வீட்டுமனை மேடாக்கச் சவுடு அள்ளிய நிலம் ஆகியவற்றிலும் இதே கதைதான் நடக்கிறது. ஆழம் குறைவு; இழப்பு ஒன்றே. மண்ணைக் கொடுத்துப் பணம் பெற்ற விவசாயி, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதே நிலத்தில் ஏர் பூட்டும்போதுதான் விற்றது எது என்பதை உணர்கிறார்.

தோண்டிய நிலத்தை மீண்டும் விளையச் செய்ய முடியும். அதற்கு இரண்டு காரியங்கள் அவசியம். ஒன்று, தோண்டுவதற்கு முன்பே மண்ணைப் பரிசோதிப்பது. மற்றொன்று, மேல் மண்ணைத் தனியே எடுத்து, உயிரோடு காத்து, மேலேயே திருப்பிப் போடுவது.

மேல் மண் என்பது எது?

நிலத்தின் ஓரத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, குழியின் சுவரைப் பார்த்தால் இது விளங்கும். மேலே அரை அடி முதல் ஓர் அடி வரை மண் சற்றுக் கருமையாகவும், பொலபொலப்பாகவும், வேர் நிறைந்தும் இருக்கும். இதுவே மேல் மண். அதற்குக் கீழே நிறம் வெளிறியோ சிவந்தோ, இறுகலாக இருப்பது அடி மண். அதற்கும் கீழே கிராவல், சுண்ணாம்புக் கல், பாறை முதலியவை வரும்.

பயிருக்கு வேண்டிய தழைச்சத்தின் இருப்பு, மக்கிய பொருள்களோடு சேர்ந்து மேல் மண்ணில்தான் மிகுதியாக இருக்கிறது. மண்புழு, பாக்டீரியா, வேரோடு சேர்ந்து வாழ்ந்து மணிச்சத்தை இழுத்துக் கொடுக்கும் வேர் உட்பூசணம் ஆகியவற்றில் பெரும்பாலானவை வாழும் இடமும் இதுவே. பாட்டன் காலத்திலிருந்து இட்ட தொழு உரமும், கிடை போட்ட ஆட்டுப் புழுக்கையும், மடக்கி உழுத தழையும் இந்த அரை அடியில்தான் சேர்ந்திருக்கின்றன. ஓர் அங்குல மேல் மண் இயற்கையாக உருவாக நூற்றாண்டுகள் ஆகும்.

ஒரு கணக்கு

மண் வியாபாரம் யூனிட் கணக்கில் நடக்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே, ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் சுமார் 435 யூனிட் போகிறது.

எடுத்துக்காட்டாக, இரண்டு ஏக்கர் புன்செய் உள்ள ஒருவர் மூன்றடி ஆழம் செங்கல் மண் எடுக்கக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போகும் மண் மொத்தம் சுமார் 2,610 யூனிட். இதில் மேல் அரை அடி மண் 435 யூனிட். அதாவது ஆறில் ஒரு பங்கு. இந்த ஒரு பங்கை விற்காமல் தனியே ஒதுக்கி வைத்தால் நிலம் மிஞ்சும். அதையும் சேர்த்து விற்றால் குழிதான் மிஞ்சும்.

அந்த அரை அடி மண்ணின் எடை ஏக்கருக்குச் சுமார் 850 டன். அதில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் இருந்தால்கூட, ஏக்கருக்கு நான்கு டன்னுக்கு மேல் கரிமம் இருக்கிறது. வழக்கமாக ஏக்கருக்கு இடும் 5 டன் தொழு உரத்தில் உள்ள கரிமம் ஒரு டன்னுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி நம் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் சிதைந்து காற்றில் கலந்துவிடும். போன மேல் மண்ணை எருவண்டியால் ஈடுசெய்வது எவ்வளவு கடினம் என்பது இதனால் விளங்கும்.

தோண்டும் முன் பரிசோதனை

தோண்டிய பிறகு மண் பரிசோதிப்பது பாதி வேலையே. முன்பு எப்படி இருந்தது என்பது தெரியாவிட்டால், திரும்பி வந்த நிலம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? ஆகையால் முதல் மண்வெட்டி விழும் முன்பே மாதிரி எடுக்கவேண்டும்.

சாதாரணமாக உரச் சிபாரிசுக்கு அரை அடி ஆழத்தில் மட்டும் மாதிரி எடுப்பது வழக்கம். தோண்டப்போகும் நிலத்துக்கு அது போதாது. ஏக்கருக்கு இரண்டு இடங்களிலாவது குழி வெட்டி, 0 முதல் 15 செ.மீ., 15 முதல் 30 செ.மீ., 30 முதல் 60 செ.மீ., 60 முதல் 90 செ.மீ. என ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியே மாதிரி எடுக்கவேண்டும். மண் எடுக்கப்போகும் ஆழத்துக்குக் கீழே இன்னும் மூன்றடி வரை என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அங்கே பாறையோ சுண்ணாம்புத் தட்டோ இருந்தால், மண் எடுத்த பிறகு வேர் இறங்க இடம் இராது. அந்த நிலத்தில் தோண்டும் ஆழத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

மேல் அடுக்குக்கு மட்டும் நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, இருபுறச் சுவரிலும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்கவேண்டும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி, வாய்க்கால் ஓரம் ஆகிய இடங்களைத் தவிர்க்கவேண்டும். எடுத்த மண்ணைச் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களை நீக்கி, மீண்டும் கலந்து, அரைக் கிலோ வரும் வரை இவ்விதம் செய்யவேண்டும். நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இட்டு, சர்வே எண், ஆழம், தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம்.

2015 முதல் வழங்கப்படும் மண் வள அட்டையில் தழை, மணி, சாம்பல்சத்துகள், கந்தகம், துத்தநாகம் முதலிய நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் என 12 விவரங்கள் இருக்கும். தோண்டும் நிலத்துக்கு இவற்றில் முதலில் பார்க்கவேண்டியவை மூன்று.

அங்ககக் கரிமம்: 0.5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம். எந்த அடுக்கு வரை கரிமம் நன்றாக இருக்கிறதோ அதுவரை உள்ளது மேல் மண் என்று கொண்டு, அந்த ஆழத்தைத் தனியே எடுக்கவேண்டும்.

கார அமில நிலை: 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு உகந்தது. 6-க்குக் கீழே போனால் அமிலத் தன்மை, 8.5-க்கு மேல் போனால் களர்த் தன்மை.

உப்பின் நிலை: மின் கடத்தும் திறன் ஒன்றுக்குக் கீழ் இருந்தால் பாதகம் இல்லை. அடி அடுக்கில் இது கூடுதலாக இருந்தால் அந்த மண்ணை எக்காரணம் கொண்டும் மேலே கொண்டுவரக் கூடாது.

இந்த அறிக்கையை நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். நிலத்தின் அளவைப் பத்திரம் சொல்லும்; நிலத்தின் தரத்தைச் சொல்வது இந்த அறிக்கை ஒன்றே.

ஒளிந்திருக்கும் அமிலம்

நிலக்கரிப் படிவத்தை ஒட்டிய கருங்களியில் சில இடங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் இருக்கும். மண்ணுக்கு அடியில் காற்றுப் படாதவரை அது சும்மா கிடக்கும். வெட்டி மேலே போட்டதும் காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். தோண்டிய அன்று பரிசோதித்தால் மண் நல்ல நிலையில் இருப்பதாகவே தெரியும். சில மாதங்களில் அதே மண் புளித்துப் பயிரைக் கருக்கிவிடும்.

ஆகவே நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஆழத்திலிருந்து வந்த கரிய அல்லது சாம்பல் நிறக் களியை ஒருமுறை பரிசோதித்தால் போதாது. ஒரு மண்சட்டியில் சிறிது மண்ணை இட்டு, ஈரம் காயாமல், காற்றோட்டமாக எட்டு வாரம் வரை வைத்திருந்து மீண்டும் கார அமில நிலையைப் பார்க்கவேண்டும். அளவு வெகுவாக இறங்கினால் அந்த மண்ணை ஆழத்தில் புதைக்கவேண்டும். வேர் எட்டும் ஆழத்தில் இருக்கக் கூடாது. வயலில் துருப்பிடித்த நிறத்தில் நீர் கசிவதும் இதற்கு ஓர் அடையாளம்.

மண் எடுக்கும்போது

ஈர மண்ணைத் தொடக் கூடாது. இது முதல் விதி. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் உடையாமல் மெல்லிய திரியாக நீண்டால், ஈரம் அதிகம். அந்த நிலையில் எந்திரமோ டிராக்டரோ ஏறினால் மண் பிசைந்த மாவுபோல் இறுகிவிடும். திரி உடைந்து உதிர்ந்தால் எடுக்கலாம். கடலூர் போன்ற கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே, சித்திரை முதல் ஆடி வரையிலான காலத்தில் இந்த வேலையை முடிப்பது நல்லது.

முதலில் மரவேர், கல் ஆகியவற்றை அகற்றவேண்டும். புல்லையும் சிறு செடிகளையும் எரிக்காமல் மண்ணோடு சேரவிடலாம். பிறகு மேல் மண்ணை மட்டும், குறித்த ஆழத்துக்கு, சீவி எடுத்து ஒதுக்கவேண்டும். அதற்கு அடுத்த ஓர் அடி அடி மண்ணும் நன்றாக இருந்தால் அதையும் தனிக் குவியலாக வைக்கலாம். இரண்டும் கலக்கக் கூடாது.

சிறு விவசாயிக்கு ஏற்றது, மண்ணைக் குவித்து வைக்காமலே வேலையை முடிக்கும் முறை. நிலத்தை நான்கு அல்லது ஐந்து பட்டைகளாகப் பிரிக்கவேண்டும். முதல் பட்டையின் மேல் மண்ணை நிலத்தின் கடைக்கோடியில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் உள்ள செங்கல் மண்ணை எடுக்கவேண்டும். இரண்டாம் பட்டையின் மேல் மண்ணைச் சீவி, தோண்டி முடிந்த முதல் பட்டையில் நேரே பரப்பவேண்டும். மூன்றாம் பட்டையின் மேல் மண் இரண்டாம் பட்டைக்கு வரும். கடைசிப் பட்டைக்கு, முதலில் ஒதுக்கி வைத்த மண். இவ்விதம் செய்தால் மண்ணில் உள்ள உயிர்கள் அன்றே புது இடத்தில் குடியேறிவிடும். வண்டிக் கூலியும் மிச்சம்.

குவித்து வைக்க நேர்ந்தால்

மேல் மண்ணை மலைபோல் உயரக் குவிப்பது பெரும் தவறு. குவியலின் நடுவே காற்றுப் போகாது. மண்புழு சாகும், நல்ல பூசணங்கள் நாளாக நாளாகக் குறையும், களைகளைத் தவிர மற்ற விதைகள் முளைப்புத் திறனை இழக்கும். ஆழத்தில் தழைச்சத்து அம்மோனியாவாகத் தேங்கும். அந்த மண்ணைப் பரப்பியதும் முதல் பருவத்தில் பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நின்று ஏமாற்றக்கூடும். தேங்கிய சத்து மழையோடு கரைந்து போனதும் அடுத்த பயிர் வெளுத்துவிடும்.

குவியலின் உயரம் நான்கைந்து அடிக்கு மேல் போகாமல், நீளவாக்கில் வரப்புபோல் அமைக்கவேண்டும். மேட்டுப் பாங்கான இடத்தில், மழைநீர் பாயாத பக்கத்தில் வைக்கவேண்டும். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டவேண்டும். அதன்மேல் வண்டி, மாடு, எந்திரம் ஏறக் கூடாது. ஒரு மழைக்கு மேல் வைக்க நேர்ந்தால் குவியலின்மேல் சணப்பு, கொழுஞ்சி, நரிப்பயறு போன்றவற்றைத் தூவி மூடுபயிர் வளர்க்கவேண்டும். வேர் ஓடிக்கொண்டிருக்கும் வரை மண்ணில் உயிர் இருக்கும். கூடிய வரை ஓராண்டுக்குள் மண்ணைத் திருப்பிப் பரப்பிவிடுவது நலம்.

திருப்பிப் பரப்பும் முறை

முதலில் குழியின் அடித்தளத்தைச் சமன் செய்யவேண்டும். அண்டை நிலத்தைவிடத் தாழ்ந்த நிலம் ஐப்பசி, கார்த்திகையில் குளமாகும். ஆகவே நீர் வெளியேற ஒரு பக்கம் மெல்லிய சரிவும் வடிகாலும் அமைத்த பிறகே மண் பரப்பவேண்டும். பக்கத்து வயலின் ஓரத்தை நெட்டுக்குத்தாக வெட்டாமல் சரிவாக விடவேண்டும். இல்லாவிட்டால் வரப்பு சரிந்து வழக்காகும்.

அடித்தளம் எந்திரம் ஓடி ஓடித் தார்ச்சாலைபோல் இறுகியிருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல மண்ணைப் பரப்பினாலும் வேர் அரை அடியோடு மடங்கிவிடும். உலர்ந்த நிலையில் உளிக்கலப்பை கொண்டு ஒன்றரை அடி இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஆழ உழுது தட்டை உடைக்கவேண்டும். ஈரத்தில் உழுதால் உளி கோடு கிழிக்குமே தவிர தட்டு உடையாது.

இதன் முக்கியத்துவத்தை வெளிநாட்டு அனுபவமும் காட்டுகிறது. அமெரிக்க நாட்டில் 1977-ல் கொண்டுவரப்பட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், மேல் மண்ணைத் தனியே எடுத்துத் திருப்பிப் போடவேண்டும் என்கிறது. முதல்தர விளைநிலமானால் பொதுவாக 48 அங்குல ஆழத்துக்கு மண்ணை மறுபடி அமைக்கவேண்டும். குறைந்தது மூன்று பயிராண்டுகள் பழைய அளவுக்கு விளைந்ததைக் காட்டிய பிறகே சுரங்கக்காரர் கட்டிய பிணைத் தொகை முழுவதும் விடுபடும். அந்நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிட்டு நடத்திய ஆய்வுகளில், மண் திரும்பி வந்த பிறகும் விளைச்சலைக் குறைத்ததில் பெரும்பங்கு கனரக எந்திரம் ஓடியதால் ஏற்பட்ட இறுக்கத்துக்கே என்று தெரிந்தது. எந்திரம் மேலே ஓடாமல் பரப்பிய மண்ணில் பயிர் நன்றாக வந்தது.

ஆகவே முதலில் அடி மண், அதன்மேல் மேல் மண் என்ற வரிசையில் பரப்பவேண்டும். டிராக்டர் வண்டி ஒரே தடத்தில் போய்வர வேண்டும். கொட்டிய குவியல்களை ஓரத்திலிருந்து இழுத்துச் சமன் செய்யவேண்டும். மேலே ஏறி மிதித்துச் சமன் செய்யக் கூடாது. புது மண் பிறகு தாழும் என்பதால் இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

மண் வள அட்டை சத்துகளைச் சொல்லும், இறுக்கத்தைச் சொல்லாது. அதை விவசாயியே பார்த்துக்கொள்ளலாம். இச்சோதனைகளைத் தோண்டாத பக்கத்து வயலிலும் செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

டப்பா சோதனை: ஒரு பால்பவுடர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அது எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, மேலே பலகை வைத்துத் தட்டி டப்பாவை மண்ணில் முழுதும் இறக்கவேண்டும். சுற்றிலும் தோண்டி டப்பாவை எடுத்து, இரு முனைகளையும் கத்தியால் சமமாகச் சீவவேண்டும். உள்ளே உள்ள மண்ணை வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் ஆவி நிற்கும் வரை வறுத்து எடை போடவேண்டும். எடையை டப்பாவின் கொள்ளளவால் வகுக்கவேண்டும். 800 மில்லி டப்பாவில் 1,120 கிராம் மண் இருந்தால் 1.4. இது நல்ல நிலை. 1,360 கிராம் இருந்தால் 1.7. செம்மண் கலந்த மணற்சாரி நிலத்தில் இந்த அளவுக்கு வேர் இறங்கத் திணறும். களிமண் நிலத்தில் 1.5-ஐத் தாண்டினாலே இறுக்கம்தான்.

நீர் இறங்கும் சோதனை: இருபுறமும் திறந்த அதே டப்பாவை இரண்டு அங்குலம் மண்ணில் பதித்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வடியவிட வேண்டும். மீண்டும் ஓர் அங்குலம் ஊற்றி, அது இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கவேண்டும். பக்கத்து வயலைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆனால் உளிக்கலப்பைக்கு மீண்டும் வேலை இருக்கிறது என்று பொருள்.

சட்டிச் சோதனை: நான்கு சட்டிகளில் திருப்பிப் பரப்பிய மண்ணும், நான்கு சட்டிகளில் பக்கத்து வயல் மண்ணும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பாசிப்பயறு விதைக்கவேண்டும். ஒரே அளவில் தண்ணீர் விட்டு முப்பது நாள் வளர்க்கவேண்டும். முளைப்பு, உயரம், இலை நிறம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்கவேண்டும். வேரில் முடிச்சுகள் இளஞ்சிவப்பாக இருந்தால் மண்ணில் உயிர் இருக்கிறது. முடிச்சே இல்லாவிட்டால் ரைசோபியம் கலந்து விதைப்பது கட்டாயம்.

முதல் மூன்று ஆண்டுகள்

மண் திரும்பிய ஆண்டே நெல்லோ கரும்போ போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் கூடாது.

முதல் ஆண்டில் பசுந்தாள் உரப்பயிரே பிரதானம். மேடான செம்மண் நிலத்துக்குச் சணப்பு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ அல்லது கொழுஞ்சி 6 முதல் 8 கிலோ. நீர் தேங்கும் நிலத்துக்கும் களர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு 20 கிலோ. கொழுஞ்சி விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு கூடும். பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழவேண்டும். நீர் வசதி இருந்தால் ஆண்டில் இருமுறை செய்யலாம். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும், அதனோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேர் உட்பூசணம் ஆகியவையும் கலந்து இடலாம்.

அமில நிலத்துக்குச் சுண்ணாம்பும் களர் நிலத்துக்கு ஜிப்சமும் தேவைப்படும். எவ்வளவு என்பதைப் பரிசோதனை நிலையம்தான் சொல்லவேண்டும். பக்கத்து வயல்காரர் இட்ட அளவு நம் நிலத்துக்குப் பொருந்தாது.

இரண்டாம் ஆண்டில் கம்பு, கேழ்வரகு, வரகு போன்ற தானியங்களோடு உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றை ஊடுபயிராகப் போடலாம். ஆழவேர் விடும் துவரை அடி மண்ணில் துளையிட்டு வழி செய்யும். தட்டையையும் பயறுக் கொடியையும் நிலத்துக்கே திருப்பவேண்டும்.

மூன்றாம் ஆண்டில் மறுபடி மண் பரிசோதனை செய்து, முதல் அறிக்கையோடு ஒப்பிட்டு, வழக்கமான பயிர்களுக்குப் போகலாம். மணிலாவோ நெல்லோ முதலில் கால் ஏக்கரில் போட்டுப் பார்ப்பது நட்டத்தைக் குறைக்கும்.

மேல் மண்ணே போய்விட்ட நிலத்துக்கு

மேல் மண்ணை ஏற்கெனவே விற்றுவிட்டவர்களும் மனம் தளரவேண்டியதில்லை. ஆனால் வழி நீண்டது. ஏரி, கண்மாய் வண்டல் இதற்குக் கைகொடுக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலக் கனத்துக்கு வண்டல் பரப்பச் சுமார் 36 யூனிட் தேவை. விவசாயப் பயன்பாட்டுக்கு வண்டல் எடுக்க அரசு அனுமதி வழங்குகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். வண்டலையும் பரிசோதித்த பிறகே இடவேண்டும். ஆலைக்கழிவோ சாக்கடையோ கலந்த ஏரியின் வண்டல் நல்லதைவிடக் கெடுதலையே செய்யும்.

நிலம் முழுவதற்கும் ஒரே ஆண்டில் வண்டல் அடிக்க இயலாதவர்கள் ஆண்டுக்குக் கால் பங்கு நிலத்தைத் திருத்தலாம். மீதிக்கு வேம்பு, புங்கம், முந்திரி, சீத்தா போன்ற மரங்களை நடலாம். மூன்றடிக் குழி வெட்டி, அந்தக் குழிக்கு மட்டும் நல்ல மண்ணும் தொழு உரமும் இட்டால் போதும். உதிரும் இலை மெல்ல மெல்லப் புது மேல் மண்ணை உண்டாக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

செங்கல் மண்ணும் கிராவலும் சிறு கனிமங்கள். பட்டா நிலமானாலும் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி அனுமதி பெற்றே எடுக்கவேண்டும். வாய்ப்பேச்சை நம்பி மண் கொடுக்கக் கூடாது. எழுத்தில் இருக்கவேண்டியவை இவை:

1. எத்தனை அடி ஆழம் வரை எடுப்பது. அதற்கு மேல் எடுத்தால் என்ன ஈடு.

2. மேல் மண் விற்பனைக்கு உரியதன்று; தனியே எடுத்துத் திருப்பிப் பரப்புவது மண் எடுப்பவர் பொறுப்பு.

3. தோண்டும் முன் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையின் நகல்.

4. அடித்தளத்தைச் சமன் செய்து, உளிக்கலப்பை ஓட்டி, வடிகால் அமைத்துக் கொடுப்பது.

5. எந்த மாதத்துக்குள் நிலத்தை ஒப்படைப்பது.

6. இவை முடியும் வரை பணத்தில் ஒரு பகுதியை விவசாயியிடம் முன்பணமாக விட்டுவைப்பது.

செங்கல்லுக்கு மண் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும். நிலத்தைத் தோண்டாமல் இவை கிடைக்கமாட்டா. ஆனால் தோண்டுகிறவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அடியில் இருக்கிறது. விவசாயிக்குத் தேவைப்படுவது மேல் அரை அடியில் இருக்கிறது. அந்த அரை அடியைப் பரிசோதித்து, குறித்து, தனியே வைத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மகன் காலத்திலும் அந்த நிலத்தில் ஏர் ஓடும். மண் கொடுக்க எண்ணியுள்ள விவசாயிகள் விலை பேசும் முன்பாக மண் மாதிரி எடுத்து, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுவது நலம்.